நகரைப் படிக்கும் நடை

நுழையும்முன்

கட்டடம் தானாகப் பேசுவதில்லை. அதன்முன் நின்று பேச ஒருவர் வேண்டும். அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரமான சிகாகோவில் அப்பணிக்கென்றே நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் பயிற்சி பெற்றுள்ளனர். அவர்கள் காட்டும் நகரம் எது, நெடுங்காலம் காட்டப்படாமல் இருந்த நகரம் எது என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

படகில் ஒரு வகுப்பறை

மிச்சிகன் ஏரியின் தென்மேற்குக் கரையில் அமைந்தது சிகாகோ. நகரின் நடுவே ஓடும் சிகாகோ ஆறு வடகிளை, தென்கிளை எனப் பிரிந்து செல்கிறது. கோடைக்காலத்தில் அவ்வாற்றில் சுற்றுலாப் படகுகள் இடைவிடாது செல்லும். படகின் முன்பகுதியில் ஒலிவாங்கியுடன் நிற்கும் வழிகாட்டி, ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம் இருகரைக் கட்டடங்களையும் சுட்டிக்காட்டி விளக்குவார். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ வழக்கறிஞராகவோ பொறியாளராகவோ இருக்கக்கூடும். ஊதியம் பெறாமல், பல வாரப் பயிற்சிக்குப் பின்னரே அவர் அவ்விடத்திற்கு வந்திருப்பார். அதே அமைப்பினர் நடைப்பயணங்களையும் நடத்துகின்றனர். தமிழகத்தில் இக்காலத்தில் ‘மரபு நடை’ எனப்படுவது இத்தகையதே.

இவ்வழக்கம் வணிக நோக்கில் தொடங்கியதன்று. அதன் தொடக்கம் ஓர் இழப்பில் இருக்கிறது.

இடிபட்ட கட்டடங்களும் ஓர் ஒளிப்படக் கலைஞரும்

சிகாகோவின் புகழ்மிக்க கட்டடக் கலைஞர் லூயி சல்லிவன். அவரும் டாங்க்மர் ஆட்லரும் 1892இல் கட்டிமுடித்த காரிக் அரங்கம், 1961இல் வாகன நிறுத்துமிடம் அமைப்பதற்காக இடிக்கப்பட்டது. அதனைத் தடுக்க வீதியில் இறங்கிப் போராடியவர்களுள் ஒருவர் ரிச்சர்டு நிக்கல் என்னும் ஒளிப்படக் கலைஞர். போராட்டம் தோற்றது. அதன்பின் நிக்கல் தம் வாழ்வையே ஒரு பணிக்கு ஒப்படைத்தார்: இடிக்கப்படும் கட்டடங்களைப் படம் எடுப்பது, இயன்றவரை அவற்றின் சிற்ப வேலைப்பாடுகளைப் பெயர்த்தெடுத்துக் காப்பது.

1966இல் பிரெய்ரி நிழற்சாலையில் இருந்த கிளெஸ்னர் இல்லத்திற்கும் அதே நிலை நேரவிருந்தது. எச். எச். ரிச்சர்ட்சன் வடிவமைத்து 1887இல் நிறைவுற்ற கருங்கல் மாளிகை அது. கட்டடக் கலைஞர்கள் சிலர் ஒன்றுகூடி 35,000 டாலருக்கு அதனை வாங்கினர். அதற்கென அவர்கள் நிறுவிய அமைப்பே இன்றைய சிகாகோ கட்டடக்கலை மையம். ஒரு வீட்டை விலைகொடுத்து மீட்கலாம். நகரில் உள்ள எல்லாக் கட்டடங்களையும் அவ்வாறு மீட்க இயலாது. மக்கள் ஒரு கட்டடத்தின் பெருமையை அறிந்தால்தான் அதனை இடிக்கும்போது கேள்வி எழுப்புவர். எனவே, 1971இல் அவ்வமைப்பு தன்னார்வ வழிகாட்டிகளுக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது.

அதே ஆண்டில் சல்லிவனும் ஆட்லரும் கட்டிய பங்குச்சந்தைக் கட்டடத்தை இடிக்கும் வேலையும் தொடங்கியது. நகர மன்றம் அதற்குப் பாதுகாப்பு அளிக்க முன்வரவில்லை. இடிபாடுகளுக்கிடையே வேலைப்பாடுகளை மீட்கச் சென்ற நிக்கல், 1972 ஏப்ரல் 13 அன்று மேல்தளம் சரிந்து உயிரிழந்தார். ஏறத்தாழ நான்கு வாரங்களுக்குப் பின்னரே அவருடைய உடல் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 43. அக்கட்டடத்தின் நுழைவு வளைவு இன்று சிகாகோ கலைக்கழகத்தின் வெளியே தனித்து நிற்கிறது. அதன் வணிகக்கூடம் கலைக்கழகத்தினுள் மீண்டும் உருவாக்கப்பட்டுள்ளது. பின்னால் கட்டடம் ஏதுமின்றி வாயில் மட்டும் நிற்கும் அக்காட்சியை வழிகாட்டிகள் தவறாது காட்டுவர். நீண்ட விளக்கம் அங்குத் தேவைப்படுவதில்லை.

சுவர் சொல்லும் செய்தி

நல்ல வழிகாட்டி ஆண்டுகளை ஒப்பிப்பதில்லை, பார்க்கக் கற்றுக்கொடுப்பார். மொனாட்னாக் கட்டடம் அதற்குச் சிறந்த சான்று. வெளிப்பார்வைக்கு ஒரே கட்டடமாகத் தோன்றும் அதன் வடபாதி 1891இலும் தென்பாதி 1893இலும் எழுந்தன. வடபாதியில் பதினாறு மாடிகளின் சுமையைச் செங்கற்சுவரே தாங்குகிறது. ஆதலால், தரைத்தளத்தில் சுவரின் கனம் ஆறு அடி. தென்பாதியின் சுமையைத் தாங்குவது எஃகுச் சட்டகம். அங்குச் சுவர் மெலிந்து சாளரம் அகன்றுவிடுகிறது. இரண்டு பாதிகளும் சேருமிடத்தில் நின்று இருபுறமும் நோக்கினால், கட்டடக்கலையின் ஒரு காலம் முடிந்து மற்றொரு காலம் தொடங்குவது கண்ணுக்குத் தெரியும். பாடநூலில் ஒரு பக்கம் விளக்கினாலும் இத்தெளிவு கிட்டுவது அரிது.

எஃகின் கதை வில்லிஸ் கோபுரத்தில் உச்சம் பெறுகிறது. முன்பு சியர்ஸ் கோபுரம் எனப்பட்ட இதன் உயரம் 442 மீட்டர், 110 மாடிகள். இதன் கட்டமைப்பை வகுத்த பொறியாளர் பஸ்லுர் ரகுமான் கான், டாக்காவில் பிறந்தவர். ஒற்றை நாணற்குச்சி எளிதில் வளையும். ஒன்பது குச்சிகளைச் சேர்த்துக் கட்டினால் வளையாது. அதுபோல ஒன்பது சதுரக் குழாய்களை இணைத்தது போன்ற அமைப்பினால் அக்கோபுரம் காற்றை எதிர்த்து நிற்கிறது.

தெரிந்து தெளிவோம்

இன்றைய சிகாகோ கலைக்கழகக் கட்டடத்தில்தான் 1893 செப்டம்பர் 11 அன்று உலகச் சமயப் பேரவை தொடங்கியது. விவேகானந்தர் உரையாற்றியது அங்கேயே. அவருடைய பயணத்திற்காகச் சென்னையில் பொருள் திரட்டியவர்களுள் முதன்மையானவர் அளசிங்கப் பெருமாள். கலைக்கழகத்தின் முன்னுள்ள சாலைப் பகுதி இன்று விவேகானந்தர் பெயரையும் தாங்கியுள்ளது.

பசுவின்மேல் விழுந்த பழி

சிகாகோவிற்கு வரும் பயணியர் பலரும் கேட்க விரும்புவது ஒரு பசுவின் கதை. 1871 அக்டோபர் 8, ஞாயிறு இரவு, டெகோவன் தெருவில் கேத்தரின் ஓலியரி என்னும் அயர்லாந்துப் பெண் பால் கறந்துகொண்டிருந்தபோது, பசு விளக்கை உதைத்துத் தள்ளியதால் நகரமே எரிந்தது என்பது அக்கதை.

தீ அவர் வீட்டுத் தொழுவத்தில் தொடங்கியது உண்மை. ஏறத்தாழ 300 பேர் மாண்டதும், நகர மக்களுள் மூன்றில் ஒரு பங்கினராகிய ஒரு இலட்சம் பேர் வீடிழந்ததும் உண்மை. பசு உதைத்ததற்குத்தான் சான்று இல்லை. தீ அணையும் முன்னரே ஒரு செய்தித்தாள் அவ்வாறு எழுதிவிட்டது. அவ்வேளையில் தாம் உறங்கச் சென்றுவிட்டதாக ஓலியரி விசாரணையில் கூறினார். விசாரணைக் குழுவினரால் தீயின் காரணத்தை உறுதி செய்ய இயலவில்லை. மழையற்ற கோடை, மரத்தாலான வீடுகள், மரப்பலகை பாவிய நடைபாதைகள் ஆகியவற்றைக் குறைகூறுவதைவிட ஏழைப் புலம்பெயர்ந்த பெண் ஒருத்தியைக் குறைகூறுவது பலருக்கும் எளிதாக இருந்தது. அயர்லாந்து நாட்டவர் மீது அன்று நிலவிய வெறுப்பும் அதற்குத் துணைநின்றது. 1895இல் இறக்கும்வரை அவரை அப்பழி தொடர்ந்தது. 1997இல்தான் நகர மன்றம் அவரைக் குற்றமற்றவர் எனத் தீர்மானம் நிறைவேற்றியது. அவர் வீடிருந்த இடத்தில் இன்று தீயணைப்புப் பயிற்சிக் கழகம் உள்ளது.

இங்குதான் வழிகாட்டியின் நேர்மை சோதிக்கப்படுகிறது. பசுவின் கதை சிரிப்பை வரவழைக்கும், கேட்போர் மகிழ்வர். உண்மையோ அவ்வளவு சுவையானதன்று. பொறுப்புள்ள வழிகாட்டி கதையையும் சொல்வார். அது பொய்யென நிறுவப்பட்ட முறையையும் உடன் சொல்வார்.

மறுபக்கம்

ஆற்றின் போக்கையே மாற்றியது சிகாகோவின் மற்றொரு பெருமை. நகரின் கழிவுநீர் ஆற்றின் வழியாக ஏரியில் கலந்தது. குடிநீரும் அதே ஏரியிலிருந்தே வந்தது. 1900 சனவரியில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் நீளக் கால்வாய் திறக்கப்பட்டு, ஏரியை நோக்கிப் பாய்ந்த ஆறு எதிர்த்திசையில் திருப்பப்பட்டது. பொறியியல் அருஞ்செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும், சிகாகோவின் கழிவு அதன்பின் மிசிசிப்பி ஆற்றை நோக்கிச் சென்றது. ஆற்றின் கீழ்ப்போக்கிலிருந்த மிசௌரி மாநிலம் வழக்குத் தொடுத்தது, 1906இல் தோற்றது. பெருமையைக் கூறி வழக்கை விட்டுவிடும் விளக்கம் அரைகுறையானது.

ஆறு ஏரியோடு சேரும் பகுதியில் ஒரு பாலத்தின் தென்புறத்து நடைபாதையில் உலோகத் தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. 1803இல் எழுந்த டியர்பார்ன் கோட்டையின் எல்லையை அவை காட்டுகின்றன. 1812 ஆகஸ்டு 15 அன்று அக்கோட்டையினரைப் பொட்டாவட்டாமி பழங்குடியினர் தாக்கிய நிகழ்வு, நெடுங்காலம் ‘படுகொலை’ என்றே கூறப்பட்டது. 2009இல் அந்நிகழ்வின் நினைவாக அமைந்த பூங்காவிற்கு ‘டியர்பார்ன் கோட்டைப் போர்’ எனப் பெயரிடப்பட்டது. ஒரு சொல் மாறும்போது தாக்கியோர், தாக்கப்பட்டோர் இருவரின் நிலையும் மாறிவிடுகிறது. அக்கோட்டை எழுமுன்பே ஆற்றின் முகத்துவாரத்தில் குடியேறி வணிகம் செய்தவர், கறுப்பினத்தவரான ழான் பாப்டிஸ்ட் பாயின்ட் டுசேபிள். 2010 முதல் அப்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஹேமார்க்கெட் சதுக்கத்திலும் இரண்டு கதைகள் மோதின. எட்டு மணிநேர வேலை கேட்டு எழுந்த இயக்கத்தின்போது, 1886 மே 4 அன்று அங்கு நடந்த கூட்டத்தில் குண்டு வீசப்பட்டது. காவலர் எழுவர் இறந்தனர். பொதுமக்களிலும் சிலர் மாண்டனர். குண்டை எறிந்தவர் யாரென நிறுவப்படாமலேயே தொழிலாளர் தலைவர் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். எஞ்சிச் சிறையிலிருந்த மூவரை 1893இல் ஆளுநர் ஆல்ட்கெல்டு விடுவித்தார். மே நாளின் வேர் இங்குள்ளது. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாளைக் கொண்டாடியபோது நினைவுகூரப்பட்ட தியாகமும் இதுவே. சதுக்கத்தில் முதலில் நிறுவப்பட்டது காவலர் சிலை மட்டுமே. அது 1969, 1970ஆம் ஆண்டுகளில் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. பேச்சாளர் நின்ற வண்டியை உருவகிக்கும் சிற்பம் 2004இல்தான் அங்கு அமைந்தது.

கரையோரத்துக் கப்பல்

சுற்றுலாப் படகு கிளார்க் தெருவுக்கும் லசால் தெருவுக்கும் இடையே செல்லும்போது, உயர்ந்த கட்டடம் ஏதும் சுட்டப்படுவதில்லை. வழிகாட்டி தென்கரையைக் காட்டுவார். காணக்கிடைப்பது வெறும் கரைச்சுவர்.

1915 சூலை 24 காலை, வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு உலாச் செல்ல அங்கு வந்தனர். பலர் செக், போலந்து நாடுகளிலிருந்து குடியேறியோர். ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் விடுமுறைக்காகப் புத்தாடை அணிந்து வந்திருந்தனர். ‘ஈஸ்ட்லாண்ட்’ என்னும் கப்பலில் ஏறத்தாழ 2,500 பேர் ஏறினர். கப்பல் இன்னும் கரையோடு கட்டப்பட்டிருந்தது; ஆழம் 20 அடியளவே. அந்நிலையிலேயே அது ஒருபுறமாகச் சாய்ந்து கவிழ்ந்தது. 844 பேர் மாண்டனர். 22 குடும்பங்களில் ஒருவரும் எஞ்சவில்லை. டைட்டானிக் விபத்துக்குப்பின் உயிர்காக்கும் படகுகளைக் கூடுதலாக வைக்க வேண்டும் என எழுந்த சட்டத்தின்படி, சில வாரங்களுக்கு முன்புதான் அக்கப்பலில் படகுகள் ஏற்றப்பட்டிருந்தன. முன்னரே நிலையற்றதாக இருந்த கப்பலின் மேற்சுமை அதனால் மேலும் கூடியது, கவிழ்ந்ததற்கான காரணங்களுள் ஒன்றாகக் கூறப்படுகிறது.

பெருந்தீயை நகரம் மறக்கவில்லை. அதனைத் தன் மறுபிறப்பின் கதையாக்கிக் கொண்டது. ஈஸ்ட்லாண்ட் விபத்தில் அவ்வாறு பெருமை கொள்ள ஏதுமில்லை. இறந்தோர் செல்வரும் அல்லர். தலைமுறைகள் கடந்தன, வேலைக்குச் செல்வோர் அக்கரையைக் கடந்து நாள்தோறும் நடந்தனர்.

அவ்விடத்தில் நினைவுப் பலகை அமைந்தது 1989 சூன் 4 அன்று. அதற்கு முயன்றவர்கள் பள்ளி மாணவர்கள். இல்லினாய்ஸ் கணித அறிவியல் கழகம் என்னும் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற அவர்கள், மாநில வரலாற்றுச் சங்கத்தின் துணையோடு அப்பலகையை நிறுவினர். பிற்காலத்தில் அது காணாமற்போனது. 2003இல் வேறொன்று அங்கு வைக்கப்பட்டது. நடைப்பயணக் குழுக்கள் இன்று அதன்முன் நின்று, எழுதப்பட்டிருப்பதைப் படித்துவிட்டு நகர்கின்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நாள்தோறும் கடந்து செல்லும் ஒரு பழைய கட்டடம், குளம் அல்லது தெருவைப் பற்றி மூத்தோரிடம் கேட்டறிந்து, பத்து நிமிட மரபு நடைக்கான உரையை உருவாக்குக.

2. அவ்வுரையில் சான்றுள்ள செய்திகள் எவை, செவிவழிச் செய்திகள் எவை என வகைப்படுத்தி வகுப்பில் விளக்குக.

3. நினைவுப் பலகை இல்லாத ஓரிடத்திற்கு ஐம்பது சொற்களில் பலகை வாசகம் எழுதுக.