மூச்சை அளந்து இதயத்தை அறிய: ஆக்சிஜன் அளவீட்டில் பிழை புகாதிருக்க

எக்கோ பரிசோதனை பெரும்பாலும் படுத்திருக்கும் மனிதரின் இதயத்தைத்தான் காட்டுகிறது. மாடிப்படி ஏறும்போது அதே இதயம் எவ்வளவு தாங்கும் என்று அறிய, உழைக்கும்போது உடல் நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது என்று அளக்க வேண்டும். 1991-இல் இதயநோய் மருத்துவர் டோனா மான்சினி குழுவினரின் ஆய்வு வெளிவந்த பிறகு, கிலோவுக்கு 14 மி.லி. என்ற உச்ச அளவு இதய மாற்று சிகிச்சை முடிவுகளில் எல்லைக்கோடாக நிலைத்தது. பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்கு அது 12. எடை 70 கிலோ, அளவு 14 என்றால் நிமிடத்துக்கு 980 மி.லி. மூச்சைப் பிடிக்க முகத்தில் மாட்டும் மாஸ்க்கின் ஓரமாக 15 சதவீதம் கசிந்தால் கருவி ஏறத்தாழ 833 என்று காட்டும். கிலோவுக்கு 11.9! இதயம் அப்படியே இருக்க, ஆள் மட்டும் கோட்டுக்குக் கீழே போய்விடுகிறார். அதனால்தான் நோயாளி சோதனை சைக்கிளில் ஏறுவதற்கு முன் செய்யும் வேலையை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

கருவியை முன்கூட்டியே போட்டு, தயாரிப்பாளர் சொன்ன நேரம் சூடாக விடுங்கள். அறையின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் அன்றன்றைக்குப் பதிவுசெய்யுங்கள். ஏ.சி. போட்டு மூடிய சின்ன அறையில் நாலு பேர் நின்றாலே கார்பன் டை ஆக்சைடு ஏறிவிடும். வெளிக்காற்றைப் போலவே அறையிலும் ஆக்சிஜன் 20.93 சதவீதம் என்று நம்பித்தான் கருவி கணக்குப் போடுகிறது. ஆகவே கதவைத் திறந்து காற்றோட்டம் விட்ட பிறகே கேலிபரேஷனைத் தொடங்குங்கள்.

முதலில் மூச்சின் அளவை அளக்கும் பகுதி. 3 லிட்டர் சிரிஞ்சை மெதுவாகவும் நடுத்தரமாகவும் வேகமாகவும் தள்ளுங்கள். எந்த வேகத்திலும் 2.91-க்கும் 3.09-க்கும் இடையில் வர வேண்டும். ஒரே வேகத்தில் தள்ளித் தேர்ச்சி வாங்குவதில் பயனில்லை, ஏனென்றால் நோயாளியின் மூச்சு கடைசி நிமிடத்தில் இரண்டு மூன்று மடங்கு வேகமெடுக்கும். அடுத்து வாயு. அறைக்காற்று ஒரு புள்ளி, சுமார் 16 சதவீத ஆக்சிஜனும் 4 அல்லது 5 சதவீத கார்பன் டை ஆக்சைடும் உள்ள சிலிண்டர் இன்னொரு புள்ளி. மாதிரி உறிஞ்சும் மெல்லிய குழாயில் ஈரமோ எச்சிலோ இருந்தால் வாயு தாமதமாக வந்துசேரும். மூச்சும் வாயுவும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். சந்தேகம் வந்தால் குழாயை மாற்றிவிடுங்கள். இதற்கு மேல், ஆரோக்கியமான ஊழியர் ஒருவரைக் குறிப்பிட்ட சில நாட்களுக்கு ஒருமுறை ஒரே சுமையில் மிதிக்கவைத்து, அவர் எண்களை நோட்டில் எழுதிவாருங்கள். சிரிஞ்சும் சிலிண்டரும் காட்டாத கோளாறு அந்த நோட்டில் தெரியும்.

நோயாளி வயிறுமுட்டச் சாப்பிட்டிருக்கக் கூடாது. காபி, சிகரெட் வேண்டாம். வழக்கமான மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். பல்செட்டைக் கழற்றச் சொல்லாதீர்கள். கன்னம் ஒட்டிப்போனால் மாஸ்க் பொருந்தாது. தாடி இருந்தால் கூடுதல் கவனம் தேவை. மாஸ்க்கை மாட்டி, திறப்பை உள்ளங்கையால் மூடி, லேசாக ஊதச் சொல்லுங்கள். மூக்கின் மேல்பகுதியிலும் தாடைக்கு அடியிலும் விரலை வைத்துப் பாருங்கள், காற்று படக் கூடாது. பேசினால் அளவு கெடும் என்பதால், நெஞ்சுவலிக்கும் நிறுத்தச் சொல்வதற்கும் கைச்சைகையை முன்பே பேசிவையுங்கள். பக்கத்தில் டாக்டர், ஈசிஜி, டிஃபிப்ரிலேட்டர் கட்டாயம்.

முதல் மூன்று நிமிடம் சும்மா உட்காரட்டும். வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடுக்கும் எடுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம் ஓய்வில் 0.7 முதல் 0.9-க்குள் இருக்கும். 1-ஐத் தாண்டினால் பதற்றத்தில் வேகமாக மூச்சு விடுகிறாரா, வாயு கேலிபரேஷன் தவறா என்று பாருங்கள். பிறகு எட்டு முதல் பன்னிரண்டு நிமிடத்தில் களைத்துப்போகும்படி சுமையை ஏற்றுங்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் நிமிடத்துக்கு 10 வாட் போதும். ட்ரெட்மில் என்றால் கைப்பிடியில் சாய்ந்து நடக்க விடாதீர்கள்.

இனி திரையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. ஒவ்வொரு வாட்டுக்கும் ஆக்சிஜன் சுமார் 10 மி.லி. ஏற வேண்டும். ஏறாமல் தட்டையானால் காரணம் இதயமாகவும் இருக்கலாம், கசிவாகவும் இருக்கலாம். இதயம் என்றால் மூச்சின் மொத்த அளவு தொடர்ந்து ஏறும், ஆக்சிஜன் மட்டும் பின்தங்கும். கசிவு என்றால் இரண்டும் சேர்ந்து திடீரென்று இறங்கும். விகிதத்தை நம்பி ஏமாறாதீர்கள்: கசிவில் இரண்டு வாயுவும் ஒரே அளவில் குறைவதால் விகிதம் ஒழுங்காகவே தெரியும்.

உச்சத்தில் அந்த விகிதம் 1.05-ஐத் தாண்டினால்தான் அவர் முழுமூச்சாக உழைத்தார் என்று கொள்ளலாம். தாண்டவில்லை என்றால் 14, 12 என்ற கோடுகளை வைத்து முடிவெடுக்கக் கூடாது. தனி ஒரு மூச்சின் உச்சத்தை எழுதாமல் 30 விநாடி சராசரியை எழுதுங்கள். ஹீமோகுளோபினையும் பக்கத்தில் குறியுங்கள். ரத்தசோகையும் இந்த எண்ணைக் கீழே இழுக்கும், அந்தப் பழியை இதயத்தின் மேல் போடக் கூடாது.

நோயாளி இறங்கி இளைப்பாறியதும் சிலிண்டர் வாயுவை மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். சோதனைக்கு முன் காட்டிய எண்ணிலிருந்து விலகியிருந்தால் அறிக்கையில் கையெழுத்து வாங்காதீர்கள். டாக்டரிடம் சொல்லி, நோயாளியை இன்னொரு நாள் வரச்சொல்லுங்கள்.