காணாமற்போன மணல்
(ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒரு கடற்கரைப் பாடம்)

சுற்றுலா என்றதும் நம் மாணவர்களின் மனம் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஓடுகிறது. கடலைக் காண விரும்பினால் மெரினாவிற்குச் செல்கிறோம். வடசென்னையில் ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை நீளும் கரையைப் பார்க்கத்தக்க இடம் என்று யாரும் சொல்வதில்லை. புகைபோக்கிகளும் சரக்கு லாரிகளும் கருங்கற் குவியல்களும் தவிர அங்கு வேறென்ன உண்டு என்பது பலருடைய எண்ணம். அக்கரையை ஒரு நாள் நடந்து காணும் மாணவன் ஒரு நல்ல நூலைப் படித்த பயனைப் பெறுவான் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். நடக்கும்போது ஒரே ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்வோம். மெரினாவில் அத்தனை மணல் இருக்க, இங்கே கல் மட்டும் இருப்பது ஏன்?

ராயபுரம்

நம் பயணத்தை ராயபுரம் ரயில் நிலையத்தில் தொடங்குவோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை முதல் நாள் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. நெடிய தூண்களுடன் நிற்கும் அப்பழைய கட்டடத்தை இன்றும் காணலாம். அருகே புனித ராயப்பர் தேவாலயம் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் படகோட்டும் மக்கள் எழுப்பிய கோயில் அது. ராயப்பரின் பெயராலேயே ஊருக்கும் ராயபுரம் என்று பெயர் வந்ததாகக் கூறுவர்.

படகோட்டிகள் ஒரு தேவாலயத்தையே எழுப்பும் நிலையில் இருந்தது எப்படி? அன்று சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளையும் சரக்கையும் மசூலாப் படகுகளில் அலைகளைத் தாண்டிக் கொண்டுவருவார்கள். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுகள் அவை. அலை மோதினால் வளைந்து கொடுக்குமேயன்றி உடைவதில்லை. அவற்றை ஓட்டியவர்களின் தோள் வலிமையில்தான் சென்னையின் வாணிகம் நடந்தது.

துறைமுகம் செய்த மாற்றம்

1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினர். கடலுக்குள் நீண்ட இரு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. வேலை முடியும் தறுவாயில், 1881-இல் வீசிய புயல் அவற்றைச் சிதைத்தது. மீண்டும் கட்டினர். ஆயின் கிழக்கு நோக்கிய வாயிலில் மணல் சேர்ந்து தொல்லை கொடுத்தது. 1904-இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவ்வாயிலை மூடி, வடகிழக்கில் புதிய வாயிலை அமைத்தார். இன்று நாம் காணும் துறைமுகத்தின் வடிவம் இவ்வாறு உருவானதே.

அந்த மணல் எங்கிருந்து வந்தது என்பதே நம் பாடத்தின் மையம். கரையோரத்தில் கடல்நீர் ஓரிடத்தில் நிற்பதில்லை. தெற்கிலிருந்து வடக்கே செல்லும் நீரோட்டத்தைச் சென்னைக் கரை மீனவர் 'தெண்டி' என்பர். வடக்கிலிருந்து தெற்கே வருவது 'வன்னி'. ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் மட்டும் ஒரு பகுதி தெற்கே திரும்புகிறது. வரவு செலவு பார்த்தால் வடக்கே செல்வதே மிகுதி. ஆகவே நம் கரையில் மணல் ஓர் ஆறு போல ஓயாமல் வடக்கு நோக்கி நடந்துகொண்டே இருக்கிறது.

அந்த ஆற்றுக்குத் துறைமுகச் சுவர் அணையாயிற்று. தெற்கே மணல் தேங்கியது. ஒரு காலத்தில் ஜார்ஜ் கோட்டையின் சுவரருகே அலையடித்த கடல் இன்று தொலைவில் உள்ளது. 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் மெரினாவில் உலாச்சாலை அமைத்த பின்னும் அக்கரை அகன்றுகொண்டே போயிற்று. வடக்கே வரவேண்டிய மணலோ வரவில்லை. அலை மட்டும் வந்தது. பழைய மணலை எடுத்துச் சென்றது. ஈடாக எதையும் கொண்டுவரவில்லை. மெரினாவின் செல்வம் ராயபுரத்தின் இழப்பு என்பதே நம் கேள்விக்கு விடையாகும். 1980-களின் இறுதியில் துறைமுகம் கட்டிய புதுச்சேரியிலும் இதே கதைதான். அந்நகரின் மணற்கரை மறைந்து கற்கரையாயிற்று.

காசிமேடும் கற்சுவரும்

சற்று வடக்கே 1984-இல் திறக்கப்பட்ட காசிமேடு மீன்பிடித் துறைமுகம் உள்ளது. விடியுமுன் சென்றால் விசைப்படகுகள் திரும்புவதையும், கூடைகளில் வஞ்சிரமும் சங்கராவும் இறங்குவதையும், ஏலக் குரல்களையும் காணலாம், கேட்கலாம். அதனைக் கடந்தால் சாலையின் ஒருபுறம் கருங்கற் குவியலும் மறுபுறம் குப்பங்களும் தொடர்கின்றன. கடலுக்குள் கைநீட்டி, "அதோ, அங்கேதான் எங்க தெரு இருந்துச்சு" என்று காட்டும் முதியவர்கள் இங்கு உண்டு.

கடல் அரிப்பைத் தடுக்கக் கற்சுவரும், பின்னர்த் தூண்டில் வளைவுகளும் அமைத்தனர். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் இக்கல்வரிசைகள் தம் தெற்குப் பக்கத்தில் மணலைப் பிடித்து வைக்கின்றன. சில இடங்களில் சிறு மணற்கரைகள் மீண்டும் தோன்றியுள்ளன. ஆனால் ஓரிடத்தில் பிடித்த மணல் அடுத்த இடத்துக்குக் கிடைப்பதில்லை. துறைமுகம் பெரிய அளவில் செய்ததைத் தூண்டில் வளைவு சிறிய அளவில் செய்கிறது. இதனால் அரிப்பு மேலும் வடக்கே நகர்கிறது.

திருவொற்றியூர்

அடுத்து வருவது மூவர் பாடிய திருவொற்றியூர். தியாகராசரும் வடிவுடையம்மனும் எழுந்தருளிய கோயில் இது. சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்ததும் மகிழமரத்தடியில் சூளுரைத்ததும் பெரியபுராணம் கூறும் செய்திகள். கடற்கரையை ஒட்டிப் பட்டினத்தார் சமாதி அமைந்துள்ளது. ஊழி வெள்ளத்தை இறைவன் ஒற்றி விலக்கிய இடமாதலால் ஒற்றியூர் ஆயிற்று என்று தலபுராணம் சொல்லும். கடலை விலக்கிய ஊர் என்று பெயர் பெற்ற ஊரின் கரையிலேயே இன்று கடல் ஏறி வருவதை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

கோயிலுக்கு வடக்கும் மேற்கும் தொழிலுலகம். 1946-இல் எம்.ஆர்.எஃப். நிறுவனம் இவ்வூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்து தொடங்கிற்று. 1955-இல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. தீப்பெட்டித் தொழிற்சாலையால் பெயர் பெற்ற விம்கோ நகருக்கு 2021 முதல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. இத்தொழில்கள் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. அதே வேளையில் கரைக்குப் பின்னால் இருந்த நிலமும் நிரம்பிவிட்டது. கடல் பத்தடி முன்னே வந்தால் குப்பத்து மக்கள் பத்தடி பின்னே போக இடமில்லை.

எண்ணூர்

பயணத்தின் முடிவில் எண்ணூர் முகத்துவாரம். கொசஸ்தலை ஆறு இங்கே கடலில் கலக்கிறது. இடுப்பளவு நீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிப்பவர்களைக் காணலாம். 1970-இல் மின்னாக்கம் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. கழிமுகத்தின் வடபுறத்தில் வேறு மின்நிலையங்கள் இயங்குகின்றன. நிலக்கரிச் சாம்பல் படிந்து கழிமுகம் பல இடங்களில் ஆழம் குறைந்துவிட்டது. 2017 ஜனவரி 28 அன்று இரு கப்பல்கள் எண்ணூர் அருகே மோதியதில் எண்ணெய் கசிந்து கரை கறுத்தது. அப்போது மாணவர்களும் மீனவர்களும் வாளிகளால் அதை அள்ளினர். 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தின்போது மீண்டும் எண்ணெய் கழிமுகத்தில் பரவியது.

2001-இல் எண்ணூரில் மற்றொரு துறைமுகம் செயற்படத் தொடங்கியது. அதற்கும் அலைதடுப்புச் சுவர்கள் உண்டு. அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி, பழவேற்காடு என்று மீனவர் ஊர்கள் உண்டு. ராயபுரத்தின் பாடத்தை அங்கே மறந்துவிடலாகாது.

நாம் செய்யத்தக்கது

துறைமுகம் வேண்டாம் என்று சொல்வது இக்கட்டுரையின் கருத்தன்று. நாம் உடுத்தும் துணியும் எரிக்கும் எண்ணெயும் துறைமுகம் வழியாக வருவனவே. ஆனால் தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே சேர்க்கும் செலவையும் துறைமுகத்தின் செலவிலேயே கணக்கிட வேண்டும். அதைக் கணக்கில் சேர்க்காதபோது, அச்செலவைக் குப்பத்து மக்கள் தம் வீடுகளால் செலுத்துகிறார்கள்.

மாணவ நண்பர்கள் ஓர் எளிய ஆய்வைத் தொடங்கலாம். இக்கரையில் மூன்று இடங்களைத் தேர்ந்துகொண்டு, மாதம் ஒரு முறை, ஒரே ஓத நிலையில், சாலை விளிம்பிலிருந்து நீர் விளிம்பு வரை நாடாவால் அளந்து குறித்து வாருங்கள். ஓராண்டில் தெண்டியும் வன்னியும் மணலைக் கொண்டுவருவதும் கொண்டுபோவதும் உங்கள் ஏட்டிலேயே தெரியும். அளக்கப் போகும்போது அங்குள்ள மீனவர்களிடமும் கேளுங்கள். இப்பாடத்தில் அவர்களே நமக்கு மூத்த ஆசிரியர்கள்.