குடும்பத்தோடு வெளிநாடு குடியேறக் கணக்குப் போடுவது எப்படி?

மகனோ தம்பியோ குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேறப் போகிறார் என்றால், "டிக்கெட்டுக்கு எவ்வளவு, ஏஜெண்டுக்கு எவ்வளவு?" என்றுதான் கடைவீதியில் முதலில் கேட்கிறோம். ஒரு கிளைக் கடை திறப்பதாக இருந்தால் நாம் இப்படிக் கேட்க மாட்டோம். முன்பணம், அலமாரி, முதல் சரக்கு ஆகியவற்றை எழுதிய பிறகு, வியாபாரம் சூடு பிடிக்கும் வரை வாடகையும் ஆள் சம்பளமும் கைமுதலிலிருந்து போகும் மாதங்கள் எத்தனை என்று கணக்கிடுவோம். கடையை நிறுத்துவதும் வீழ்த்துவதும் அந்த மாதங்கள்தான். குடியேற்றமும் அப்படியே. போகும் செலவு சிறியது. சம்பாத்தியம் வரும் வரை உட்கார்ந்து சாப்பிடும் செலவே பெரியது.

பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் பெருமக்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். ஏஜெண்டுகள் ஏறக்குறைய மூன்றாண்டுத் தவணையில் போய் வந்தார்கள். ஆண்கள் கிட்டங்கியில் ஒன்றாகத் தங்கித் தொழில் பார்க்க, குடும்பம் செட்டிநாட்டிலேயே இருந்தது. வெளிநாட்டில் வீடு பிடிக்கும் செலவு அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. இன்று மனைவி மக்களோடு போகிறார்கள். அது நல்லதுதான், ஆனால் கணக்கு வேறாகிவிடுகிறது.

நம்மவர்கள் அதிகம் பேசும் கனடாவையே எடுத்துக்கொள்வோம். ஊர் டொராண்டோ, 1983-க்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் பெருமளவில் குடியேறிய ஸ்கார்பரோ பகுதி. உதாரணத்துக்கு ஒரு மளிகை மொத்த வியாபாரக் குடும்பம். அண்ணன், தம்பி இருவர் சம பங்காளிகள். தம்பி, மனைவி, பத்து வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள் ஆகிய நால்வர் போகிறார்கள். கணக்குக்கு வசதியாக ஒரு கனேடிய டாலரை 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வெளிநாட்டு வேலை அனுபவத்தைக் காட்டி நிரந்தரக் குடியுரிமை கேட்பவர், கையில் பணம் இருப்பதை நிரூபிக்க வேண்டும். ஏற்கெனவே கனடாவில் வேலை செய்து அந்த அனுபவத்தின் பேரில் கேட்பவருக்கு இது தேவையில்லை. 2025 ஜூலையில் அறிவித்தபடி தனியாளுக்கு 15,263 டாலர், நால்வர் குடும்பத்துக்கு 28,362 டாலர். ரூபாயில் சுமார் 18 இலட்சத்து 43 ஆயிரம். இந்தத் தொகையை வருடந்தோறும் மாற்றுகிறார்கள். மனைவி மக்களை இங்கேயே விட்டுப் போனாலும் அவர்களையும் தலைக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

இங்கேதான் வியாபாரிக்கு முதல் முடிச்சு விழுகிறது. அந்தப் பணம் கடன் வாங்கியதாக இருக்கக் கூடாது. வீடு, மனையின் மதிப்பைக் காட்ட முடியாது. கிட்டங்கியில் அடுக்கியிருக்கும் பருப்பு மூட்டையும், பேரேட்டில் வரவேண்டிய நிலுவையும் அங்கே பணம் ஆகாது. வங்கி தரும் கடிதத்தில் அன்றைய இருப்போடு கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பையும் எழுதித் தர வேண்டும். போன வாரம் நாலு பேரிடம் கைமாற்று வாங்கிப் போட்டால் அந்தச் சராசரியே காட்டிக் கொடுத்துவிடும். விண்ணப்பிக்கும்போது மட்டுமன்றி, அனுமதி வரும்போதும் பணம் இருக்க வேண்டும்.

பலர் இந்த 28,362 டாலரே குடியேறும் செலவு என்று நினைத்துவிடுகிறார்கள். அது அவர்கள் பார்க்க விரும்பும் குறைந்தபட்ச இருப்பு மட்டுமே. செலவைத் தனியாக எழுத வேண்டும்.

முதலில் கட்டணம். 2024 ஏப்ரல் 30 முதல், பெரியவர் ஒருவருக்கு விண்ணப்பக் கட்டணம் 950 டாலர், நிரந்தரக் குடியுரிமைக் கட்டணம் 575 டாலர், ஆக 1,525. பிள்ளை ஒன்றுக்கு 260. கைரேகை, புகைப்படத்துக்குக் குடும்பத்துக்கு 170. நால்வருக்கும் சேர்த்து 3,740 டாலர், அதாவது சுமார் 2 இலட்சத்து 43 ஆயிரம் ரூபாய். (இந்தக் குடியுரிமைக் கட்டணம் 1995-ல் புகுத்தப்பட்டபோது பெரியவருக்கு 975 டாலர், 2006-ல் பாதியாகக் குறைத்தார்கள். ஏறிய விலை இறங்குவதும் உண்டு என்பதற்கு அபூர்வ உதாரணம்.) ஆங்கிலத் தேர்வு, படிப்புச் சான்று மதிப்பீடு, மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்று ஆகியவற்றுக்கு ஒன்றேகால் இலட்சமும், ஒருவழி விமானக் கட்டணம் நால்வருக்கு இரண்டரை இலட்சமும் ஒதுக்கலாம். இவை நம் மதிப்பீடு. சீசனுக்குத் தக்கபடி கூடும், குறையும்.

அடுத்தது இறங்கியவுடன் ஆகும் செலவு. ஒன்டாரியோ மாநிலச் சட்டப்படி வீட்டுக்காரர் முன்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் கடைசி மாத வாடகையாகத்தான் கழிக்க வேண்டும். நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது ஆறுதலாகத் தோன்றும். ஆனால் புதிதாக வந்தவருக்கு அந்த நாட்டில் கடன் வாங்கிக் கட்டிய வரலாறு இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. ஆகவே வீட்டுக்காரர் தயங்குவார்; ஜாமீன் நிற்க ஆள் கேட்பார். முகம் தெரியாத ஊரில் மொத்த வியாபாரி புதுக் கடைக்காரனுக்குக் கடன் சரக்குக் கொடுக்க யோசிப்பதைப் போலத்தான் இதுவும். முன்பணம் 2,300, கட்டில் மெத்தை, பாத்திரம், மேசைக்கு 2,500, குளிர்கால உடைக்கும் காலணிக்கும் 1,200 என்று 6,000 டாலர் வைப்போம்.

மாதச் செலவில் இரு படுக்கையறை வீட்டு வாடகை 2,300, சாப்பாடு 1,000, மின்சாரம், தொலைபேசி, இணையம் 250, பஸ், ரயில் 300, மற்றவை 350. மொத்தம் 4,200 டாலர். அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஒன்டாரியோவில் அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020 மார்ச்சில் நீக்கப்பட்டதால் அந்த வகையிலும் செலவு குறைவு. பிரிட்டிஷ் கொலம்பியாவில், வந்த மாதத்தின் மீதி நாட்களோடு மேலும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அங்கே போகிறவர் தனிக் காப்பீடு எடுத்துப் போவது நல்லது. காரை இந்தக் கணக்கில் நாம் சேர்க்கவில்லை. வண்டி விலையைவிட, புதியவருக்கு விதிக்கும் இன்சூரன்ஸ் தொகைதான் மலைக்க வைக்கும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓட்டுநர் உரிமத்துக்குச் சான்று வாங்கிப் போனால், ஓட்டிய ஆண்டுகளைக் காட்டி அங்கே தேர்வுக்குக் காத்திருக்கும் காலத்தைக் குறைக்கலாம்.

வருமானமே இல்லாமல் ஆறு மாதம் என்று வைத்தால் 25,200 டாலர். இறங்கிய செலவு 6,000-ஐச் சேர்த்தால் 31,200. அரசு பார்க்க விரும்பிய 28,362-ஐ ஆறாவது மாதத்துக்குள்ளேயே தாண்டிவிட்டோம். ரூபாயில் 20 இலட்சத்து 28 ஆயிரம். கட்டணம், சான்றுகள், விமானச் செலவையும் கூட்டினால் ஏறக்குறைய இருபத்தாறரை இலட்சம்.

ஆறு மாதத்தில் வேலை கிடைத்தால் கவலை தீர்ந்தது என்று எண்ணுவோரும் உண்டு. அதையும் போட்டுப் பார்ப்போம். ஒன்டாரியோவில் 2025 அக்டோபர் 1 முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 17.60 டாலர். வாரம் 40 மணி நேரத்துக்கு 704. பிடித்தம் போகாமலே மாதம் சுமார் 3,050 டாலர். செலவோ 4,200. வேலைக்குப் போன பிறகும் மாதம் 1,150 டாலர் துண்டு விழுகிறது. இதை ஓரளவு நிரப்புவது குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகை. 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான ஆண்டுக்கு, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அதிகபட்சம் 7,997 டாலர், 6 முதல் 17 வயது வரை 6,748 டாலர். நம் உதாரணக் குடும்பத்துக்கு முழுத் தொகையும் கிடைத்தால் மாதம் சுமார் 1,228 டாலர் ஆகிறது. இங்கே சம்பாதித்த வருமானத்தையும் காட்டித்தான் விண்ணப்பிக்க வேண்டும். பணம் வரச் சில மாதம் ஆகலாம். ஆகவே அதை முதல் ஆறு மாதக் கணக்கில் வரவு வைக்க வேண்டாம் என்பது நம் கருத்து. வராத சரக்கை விற்றுப் பணம் எண்ணுவதற்கு ஒப்பாகும்.

இனி அந்த இருபத்தாறரை இலட்சம் எங்கிருந்து வரும்? நம் உதாரணக் கடையின் ஐந்தொகையைப் பார்ப்போம். மொத்த முதல் 60 இலட்சம். அதில் சரக்கு 18, வெளியூர்க் கடைகளில் நிலுவை 30, கிட்டங்கி முன்பணமும் வண்டியும் 8, வங்கியிலும் கல்லாவிலும் இருப்பது 4 இலட்சம். ஏட்டின்படி தம்பி பங்கு 30 இலட்சம். ஆனால் இருபத்தாறரை இலட்சத்தை ஒரே நாளில் எடுக்க இந்தக் கடையில் இடமில்லை. சரக்கைக் குறைத்தால் ரொக்கக் கொள்முதலில் கிடைக்கும் தள்ளுபடி போகும். பருப்பு, மிளகாய் விலை ஏறும் சீசனில் கை கட்டி நிற்க வேண்டும். வெளியில் மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால், வட்டி மட்டும் மாதம் 39,750 ரூபாய். தம்பி டொராண்டோவில் வேலை தேடும் அதே ஆறு மாதத்தில் அண்ணன் இங்கே ஏறக்குறைய இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் வட்டி கட்டியிருப்பார். ஒரு குடும்பம் குடியேற, இன்னொரு குடும்பத்தின் கடை தேய்ந்துபோகும். அண்ணன் வாய் திறந்து சொல்ல மாட்டார், பேரேடு சொல்லும்.

ஆகவே புறப்படும் நாளுக்கு வெகு முன்பே எடுப்பு தொடங்க வேண்டும். மாதம் ஒன்றரை இலட்சம் வீதம் தம்பியின் முதல் கணக்கில் பற்று எழுதி, 14 மாதம் எடுத்தால் 21 இலட்சம். பழைய நிலுவையை வசூலித்து வசூலித்துக் கொடுத்தால் சரக்கில் கை வைக்க நேராது. மீதி ஐந்தரை இலட்சம் தம்பியின் சொந்தச் சேமிப்பு, சீட்டுப் பணம் முதலியவற்றிலிருந்து வரட்டும். பணம் முழுதும் சேர்ந்த பின், ஆறு மாதச் சராசரிக்காகக் கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் உறங்க வேண்டும். மொத்தம் 20 மாதம். கட்டணம், சான்றுகளுக்குக் கொடுத்தது போகவும் கணக்கில் தேவையான தொகைக்குக் குறையாமல் நிற்கும். அவசரப்படுகிறவர்களுக்கு இது நீண்ட காலமாகத் தோன்றலாம். குடும்பத்தில் முடிவெடுத்த அன்றே தொடங்கினால், தேர்வு, சான்று வேலைகளோடு பெரும்பகுதி ஓடிவிடும்.

பணம் அனுப்புவதிலும் கவனம் வேண்டும். 2004-ல் ரிசர்வ் வங்கி தொடங்கிய தாராளப் பண அனுப்பீட்டுத் திட்டத்தில், தனிநபர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். இது தனிநபருக்கே உரியது. கூட்டு வியாபார நிறுவனமோ இந்து கூட்டுக் குடும்பமோ இதில் அனுப்ப இயலாது. எனவே கடைக் கணக்கிலிருந்து நேரே கனடாவுக்குப் பணம் போகாது. எடுப்பாகத் தம்பியின் சொந்தக் கணக்குக்கு வந்துதான் போக வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல், படிப்பு, மருத்துவம், சுற்றுலாத் தொகுப்பு அல்லாத இத்தகைய வகையில் ஆண்டுக்கு 10 இலட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி வசூலிக்கும். 20 இலட்சத்து 28 ஆயிரத்தையும் ஒருவர் பெயரில் ஒரே ஆண்டில் அனுப்பினால் 2,05,600 ரூபாய் பிடிபடும். வருமான வரிக் கணக்குக் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம் என்றாலும், கையில் ரொக்கம் மிகவும் தேவைப்படும் மாதங்களில் அது முடங்கிக் கிடக்கும். மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என்று இரண்டு நிதியாண்டில் அனுப்பினால் இந்த முடக்கம் பெருமளவு இல்லாமல் போகும். ரொக்க நோட்டாக ஒருவர் 3,000 அமெரிக்க டாலர் வரைதான் கொண்டுபோகலாம். கனடாவில் இறங்கும்போது 10,000 கனேடிய டாலரோ அதற்கு மேலோ கையில் இருந்தால் சுங்கத்தில் சொல்லியாக வேண்டும்.

வீட்டுச் சாமான்களைப் பட்டியல் எழுதிக் கொடுத்துத் தீர்வையின்றிக் கொண்டுபோகலாம். ஆனால் சொந்தமாக வைத்துப் பயன்படுத்தியவையாக இருக்க வேண்டும். கடைச் சரக்கை இதில் நுழைக்க முடியாது. ஸ்கார்பரோவில் தமிழர் கடைகள் நிறைய இருப்பதால் மூட்டை கட்டி அரிசியும் மிளகாய்த்தூளும் சுமக்கத் தேவையும் இல்லை. நகைக்குப் புகைப்படமும் மதிப்பீட்டுச் சான்றும் எடுத்துக்கொள்ள வேண்டும். புறப்படும்போது நம் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கினால், பிற்பாடு விடுமுறைக்கு வரும்போது தொல்லையில்லை.

கடைசியாகப் பங்கு. தம்பி பங்கிலிருந்து விலகுவதானால் வாய்ப்பேச்சோடு விடக் கூடாது. 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி, விலகியதைப் பொது அறிவிப்பாக வெளியிடும் வரை வெளியாருக்கு அவர் பொறுப்பாளியே. அவர் செய்கைக்குக் கடையும் பொறுப்பு. பதிவான நிறுவனமாக இருந்தால், நிறுவனப் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் வட்டார மொழிப் பத்திரிகை ஒன்றிலும் அறிவிப்பு வர வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவில் பங்காளி மாற்றத்தை 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கணக்குத் தீர்க்காமல் விட்டால், 37-ஆம் பிரிவின்படி தம்பி தன் முதலுக்குரிய இலாபத்தையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ கேட்கலாம். விலகும் தேதியை மார்ச் 31 என்று வைத்துக்கொண்டால், சரக்கு இருப்பு எடுப்பதும் ஐந்தொகை போடுவதும் வருடக் கணக்கோடு சேர்ந்து ஒரே வேலையாக முடியும்.