ஷிப்ட் முடிந்து வரும் பெண்ணுக்கு

பாரூர்

அன்புள்ள பாப்பா,

ஓசூர் நூலகத்தில் உறுப்பினராகிவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். "மாமாகிட்ட கேட்டு ஒரு பட்டியல் வாங்கிக் கொடும்மா, புதுசா வந்த நாவலும் வேணும், கதையா இல்லாத புத்தகமும் வேணும்" என்று கேட்டாயாம். கேட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. நாவல் மட்டுமே படிப்பவர்களையும், நாவலே நேர விரயம் என்று ஒதுக்குகிறவர்களையும் நூலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் கேட்கிற ஆள் அபூர்வம். பட்டியலாகத் தராமல் கடிதமாகவே எழுதுகிறேன். ஏன் படிக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் பெயரை மட்டும் தந்தால் உனக்குப் பயன்படாது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். விருது வாங்கிய வரிசையைப் பார்த்துப் புத்தகம் எடுக்காதே. நான் கீழே சொல்லப்போகிற நூல்களில் பலவும் விருது வாங்கியவைதான், அது வேறு. உன் வாழ்க்கை எங்கே உரசுகிறதோ அங்கிருந்து தொடங்கு. நீ வேலை செய்வது தொழிற்சாலையில். பிறந்தது ஏரிப் பாசன ஊரில். தங்கியிருப்பது கர்நாடக எல்லையில். கல்யாணப் பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் வயது. இந்த நான்கிலிருந்தும் நான்கு கதவுகள் திறக்கும்.

தொழிற்சாலையிலிருந்து தொடங்குகிறேன். இரா. முருகவேள் எழுதிய 'முகிலினி' 2016இல் வந்தது. கோவையில் வழக்கறிஞராக இருப்பவர். இயக்குநர் பாலா 'பரதேசி' படம் எடுத்தாரே, அதற்கு ஆதாரமான 'எரியும் பனிக்காடு' நாவலை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் சிறுமுகையில் மரக்கூழிலிருந்து செயற்கைப் பட்டு இழை தயாரித்த விஸ்கோஸ் ஆலை ஒன்று பல்லாண்டு ஓடியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதன் கழிவு பவானி ஆற்றில் கலந்தது. மக்கள் போராடினார்கள், ஆலை கடைசியில் மூடப்பட்டது. அந்த வரலாற்றை மாதிரியாக வைத்துக்கொண்டு, பெயர்களை மாற்றி, மூன்று தலைமுறையைக் கடந்து செல்லும் நாவல் இது.

இதை உனக்கு முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆலையைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு பக்கம் நின்றுகொள்வார்கள். ஆலை வந்ததால் ஊர் வாழ்ந்தது என்பார்கள், இல்லாவிட்டால் ஆலை வந்ததால் ஊர் நாசமானது என்பார்கள். முருகவேள் ஆலைத் தொழிலாளியின் பெருமையையும் மதித்து எழுதுகிறார், ஆற்றை நம்பி விவசாயம் செய்தவனின் கோபத்தையும் மதித்து எழுதுகிறார். நிரந்தர வேலை கிடைத்தவன் வீட்டுக்கு முதன்முதலாக வருகிற சம்பளம் என்னவெல்லாம் செய்யும் என்பது உனக்குத் தெரியும். நம் வீட்டில் உன் சம்பளம் வந்த பிறகு என்ன மாறியது என்று யோசித்துப் பார். அதே கண்ணோடு, ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையிலிருந்து தண்ணீர் திறக்கும்போது தென்பெண்ணையில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கி ஓடுவதையும் நினைத்துப் பார். பெங்களூரு சாக்கடையும் ஆலைக் கழிவும் சேர்ந்த நுரை அது. அந்த ஆறுதான் கிருஷ்ணகிரி அணைக்கு வந்து, நெடுங்கல் தடுப்பணையில் திரும்பி, கால்வாய் வழியாக நம் பாரூர் பெரிய ஏரியில் வந்து சேர்கிறது. நீ குடியிருக்கும் ஊரும் நான் குடியிருக்கும் ஊரும் ஒரே தண்ணீரில் கட்டப்பட்டவை. 'முகிலினி'யைப் பவானிக் கதை என்று நினைத்து உன்னால் படிக்க முடியாது.

அதை முடித்ததும் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்ற ஆராய்ச்சி நூலை எடு. ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதியது, 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆராய்ச்சி என்றதும் பயந்துவிடாதே. 1908 மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்கிறார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளிக்கிறது. நகராட்சி அலுவலகம் எரிகிறது, மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிகிறது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் சாகிறார்கள். பள்ளிக்கூடத்தில் வ.உ.சி. கப்பல் விட்டார், செக்கிழுத்தார் என்பதோடு நமக்கு முடித்துவிட்டார்கள். அன்று தெருவில் இறங்கியவர்கள் யார், என்ன வேலை செய்தவர்கள், அவர்கள் மேல் என்னென்ன வழக்கு போட்டார்கள் என்று இந்தப் புத்தகம் ஆவணம் ஆவணமாகத் தேடிக் காட்டுகிறது. தலைவர் பெயர் மட்டும் நிற்கிற வரலாற்றில் தொழிலாளிக்கும் கடைக்காரனுக்கும் இடம் கேட்கிற புத்தகம்.

அந்தக் கைதுக்குச் சில வாரம் முன்பு, பிப்ரவரிக் கடைசியில், தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி. முன்னின்று நடத்தினார். கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. உனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைக்கிறதே, அது யாரோ கருணையோடு தூக்கிக் கொடுத்தது இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள இந்த வரலாறு வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன். வேங்கடாசலபதி வ.உ.சி.யின் கடிதங்களைத் தொகுத்து முதல் நூல் வெளியிட்டது 1984இல். அப்போது அவருக்கு உன்னைவிடச் சின்ன வயது. பதினேழு வயதில் பிடித்த ஒரு பொருளை நாற்பது வருஷம் விடாமல் தொடர்ந்திருக்கிறார். அந்தப் பிடிவாதம் ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும்.

நாவலையும் கட்டுரை நூலையும் இப்படி இணை சேர்த்துப் படிப்பதுதான் நான் கண்ட வழி. நாவல் ஒரு மனுஷனின் வயிற்றெரிச்சலை உனக்குள் இறக்கும். அந்த எரிச்சலுக்குக் காரணம் யார், எந்தச் சட்டம், எந்த வருஷம் என்று கட்டுரை நூல் கணக்குச் சொல்லும். ஒன்றை மட்டும் படித்தால் வெறும் கண்ணீரோடு நிற்போம், அல்லது வெறும் தகவலோடு.

அடுத்தது ஏரி. சோ. தர்மனின் 'சூல்' 2016இல் வந்தது, 2019க்கான அகாதெமி விருது பெற்றது. கோவில்பட்டிப் பக்கத்து உருளைக்குடி என்கிற ஊரின் கண்மாய்தான் கதாநாயகன். தூர்வாருவது, கரையில் மரம் வளர்ப்பது, மடை திறப்பது, மீன் பிடிப்பது, யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று முறை வைப்பது எல்லாம் ஊரின் கையில் இருந்த காலமும், அது கைவிட்டுப் போன காலமும் இதில் வருகின்றன. கரிசல் பேச்சு நமக்குப் புதிது, முதல் ஐம்பது பக்கம் தட்டும். விடாதே. நம் ஏரிக்கரையில் நின்று மதகைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதற்குப் பிறகு எல்லாம் விளங்கும். இதற்கு இணை வேண்டுமென்றால் பொறியாளர் பழ. கோமதிநாயகம் எழுதிய 'தமிழகப் பாசன வரலாறு' இருக்கிறது. புது நூல் இல்லை, ஆனால் 'சூல்' படித்த கையோடு புரட்ட அதுதான் சரி.

நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெருமாள்முருகனின் 'ஆளண்டாப் பட்சி' 2012இல் வந்தது. பாகப்பிரிவினையில் ஏமாற்றப்பட்ட கடைசித் தம்பி முத்து, மாட்டுவண்டியைப் பூட்டிக்கொண்டு வேறு மண்ணைத் தேடிப் போகிற கதை. ஜனனி கண்ணனின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2023இல் ஜேசிபி பரிசு கிடைத்தது. உத்தனப்பள்ளிப் பக்கம் சிப்காட்டுக்கு நிலம் எடுக்கக் கூடாது என்று விவசாயிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்களே, 'ஏன் இவ்வளவு பிடிவாதம், பணம்தான் தருகிறார்களே' என்று உன்னோடு வேலை செய்கிற யாராவது கேட்டால் இந்த நாவலைக் கொடு.

கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலை உனக்குச் சொல்வதா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினேன். 2018இல் வந்தது, 2020க்கான அகாதெமி விருது பெற்றது. ரேவதி பொறியியல் படித்த பெண். அப்பா நடேசன் தலைமை ஆசிரியர். பர்மாவிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ரவியைத்தான் கட்டுவேன் என்று நின்று கட்டிக்கொள்கிறாள். சில வருஷம் கழித்துத் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மருக்கு வருகிறாள். நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காயப் பிரிவின் வாசலில்தான் நடக்கிறது. அப்பா பணத்தோடு வந்து நிற்கிறார். எந்த டாக்டரிடம் போக வேண்டும், எந்த மருந்து வாங்க வேண்டும், எவ்வளவு கட்ட வேண்டும் என்று அலைகிறார். அந்தப் பணத்தால் ஆக வேண்டியது ஒன்றுமே இல்லை. வாசலில் காத்திருக்கும் மற்றக் குடும்பங்கள் பேசிக்கொள்வது, ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எல்லோரும் எழுந்துகொள்வது, தானே கொளுத்திக்கொண்டாளா அவன் கொளுத்தினானா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வது, இவையெல்லாம் பேச்சாகவே ஓடும்.

பயமுறுத்துவதற்காக இதை உனக்குச் சொல்லவில்லை. காதலித்தவள் கெட்டாள் என்று பாடம் எடுக்கிற நாவலும் இல்லை இது. அப்படிப் படித்துக் காட்டுகிறவர்களை நம்பாதே. அந்தப் பெண் உயிரோடு இருந்தபோது வீட்டில் அவளோடு பேசாமல் இருந்த வருஷங்கள்தான் இந்த நாவலின் குற்றப்பத்திரிகை. கோபித்துக்கொண்டு மகளோடு பேச்சை நிறுத்துகிற அப்பாக்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். உன் அப்பாவுக்கும் இதைக் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து மட்டும் இதைத் தொடங்காதே, லீவு நாளில் பகல் வெளிச்சத்தில் படி.

எல்லைக்கு அந்தப் பக்கம் போவோம். உன் லைனில் தெலுங்கு பேசுகிறவளும் கன்னடம் பேசுகிறவளும் உண்டு என்று சொல்லியிருக்கிறாய். அவர்கள் மொழியில் இப்போது என்ன எழுதுகிறார்கள் என்று தெரியாமல் இருக்கலாமா? 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற பானு முஷ்தாக் கன்னடத்தில் எழுதுகிறவர், ஹாசன்காரர். விவேக் ஷான்பாகின் 'காச்சர் கோச்சர்' சின்ன நாவல், இரண்டு நாளில் முடித்துவிடலாம். கே. நல்லதம்பி தமிழில் தந்திருக்கிறார். பெங்களூருவில் எறும்பு மொய்க்கும் சின்ன வீட்டில் கூடி வாழ்ந்த குடும்பம், சித்தப்பா தொடங்கிய மசாலா வியாபாரத்தில் திடீரென்று பணக்காரக் குடும்பமாகிறது. வீடு பெரிதாகிறது, மனுஷர்கள் மாறுகிறார்கள். சம்பாதிக்கிற ஒருவரைச் சுற்றி மற்ற எல்லோரும் எப்படி வாயடைத்துப் போகிறார்கள் என்பதை இவ்வளவு குறைந்த பக்கத்தில் வேறு யாரும் சொல்லி நான் படித்ததில்லை. ஓசூரில் இன்றைக்கு மனை விலை ஏறுகிற வேகத்தில் இந்தக் கதை எத்தனை வீட்டில் நடந்துகொண்டிருக்கிறதோ.

ஓசூரிலேயே இருந்து எழுதுகிறவர்களையும் தெரிந்துகொள். 'புதுவிசை' இதழை நடத்திய ஆதவன் தீட்சண்யாவின் சிறுகதைகளை இப்போதே படிக்கலாம். சாதியை இவ்வளவு நேருக்கு நேர் நின்று கேட்கிறவர்கள் குறைவு. பா. வெங்கடேசனின் 'பாகீரதியின் மதியம்' பெரிய நாவல், வாக்கியங்கள் நீண்டு நீண்டு போகும். என் கருத்தில் தமிழ் உரைநடையில் அண்மைக் காலத்தில் நடந்த பெரிய காரியங்களில் ஒன்று. ஆனால் உனக்கு இப்போது வேண்டாம். இரண்டு வருஷம் நிறையப் படித்துவிட்டு அதனிடம் போ.

கடைசியாக நூலகத்தைப் பற்றி. நாம் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகச் சேர்கிறது. 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு இது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் அந்தச் சட்டத்துக்காகப் பல வருஷம் உழைத்தார். ஆகவே அங்கே போய்ப் புத்தகம் கேட்பதில் கூச்சமே வேண்டாம். நான் சொன்னவற்றில் சில அலமாரியில் இருக்காது. 'இல்லை' என்று சொன்னதும் திரும்பி வந்துவிடாதே. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, உன் உறுப்பினர் எண்ணைப் போட்டு, நூலகரிடம் கொடு. உன் ஹாஸ்டல் தோழிகளையும் அதே நூலைக் கேட்டு எழுதச் சொல். ஒரே புத்தகத்தை ஐந்து பேர் கேட்டால் மாவட்ட நூலகத்திலிருந்தாவது வரவழைத்துத் தருவார்கள். புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டையும் பார். பல நல்ல நூல்களில் அந்தச் சீட்டில் ஒரு முத்திரைகூட விழுந்திருக்காது. யாரும் எடுக்காத ஆசிரியரின் அடுத்த நூலை வாங்க வேண்டும் என்று எந்த நூலகருக்குத் தோன்றும்?

'முகிலினி'யை இந்த வாரமே எடு. படித்து முடித்ததும் இரண்டு பக்கமாவது எனக்கு எழுது. நன்றாக இருந்தது என்று ஒரு வரியில் முடிக்காமல், எந்த இடத்தில் என் கருத்தோடு நீ முரண்படுகிறாய் என்று எழுது.

அன்புடன்,
மாமா