அக்னி லிங்கமா, அக்னி தீர்த்தமா? பிழை கண்டுபிடிக்கும் புரோட்டிஜி

திருவண்ணாமலையின் 14 கி.மீ. கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று அக்னி லிங்கம். அக்னி தீர்த்தம் என்ற குளமும் இந்த ஊரில் உண்டு. கிரிவலம் வருபவர்களுக்காக இந்த இடங்களை உங்கள் கம்ப்யூட்டரில் பட்டியல் போடுகிறீர்கள். இரண்டையும் சுருக்கமாக 'அக்னி' என்றே டைப் செய்துவிட்டால்? குளங்களைக் காட்டு என்றால் லிங்கத்தையும் சேர்த்துக் காட்டும். ஊர் தெரியாதவர் அதை நம்பி நடப்பார்!

எது எந்த வகை, எதற்கும் எதற்கும் என்ன தொடர்பு என்று கம்ப்யூட்டருக்குப் புரியும்படி எழுதி வைப்பதே ஆன்டாலஜி. இதை உருவாக்க உதவும் புரோட்டிஜி சாப்ட்வேரை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இலவசமாகத் தருகிறது. நாம் எழுதியதில் உள்ள முரண்பாட்டைக் காட்டிக்கொடுக்கும் கருவிக்கு ரீசனர் என்று பெயர். ஒரு சோதனை செய்து பார்ப்போமா?

1. புரோட்டிஜியைத் திறந்து, 'கிளாசஸ்' டேபில் கோயில், குளம் என்று இரண்டு கிளாஸ்களை உருவாக்குங்கள்.

2. 'இண்டிவிஜுவல்ஸ்' டேபில் 'அக்னி' என்று ஒரு பெயரைச் சேருங்கள். அதன் 'டைப்ஸ்' பகுதியில் கோயில், குளம் இரண்டையும் வேண்டுமென்றே கொடுங்கள்.

3. 'ரீசனர்' மெனுவில் 'ஹெர்மிட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'ஸ்டார்ட் ரீசனர்' கிளிக் செய்யுங்கள்.

எந்தப் பிழைச் செய்தியும் வராது! ஏன்? ஒரே இடம் கோயிலாகவும் குளமாகவும் இருக்காது என்பது நமக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு அதை நாம் இன்னும் சொல்லவில்லை.

4. ரீசனரை நிறுத்துங்கள். கோயில் கிளாஸைத் தேர்ந்தெடுத்து, 'டிஸ்ஜாயின்ட் வித்' அருகில் உள்ள கூட்டல் குறியை அழுத்திக் குளத்தைச் சேருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது என்பதே இதன் பொருள். மீண்டும் ரீசனரை இயக்குங்கள்.

இப்போது எச்சரிக்கை வரும். 'எக்ஸ்பிளெய்ன்' பட்டனை அழுத்தினால், எந்தெந்த வரிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று தெரியும். 'அக்னி'யை நீக்கிவிட்டு, அக்னி லிங்கம், அக்னி தீர்த்தம் எனத் தனித்தனியாகச் சேருங்கள். பிழை மறைந்துவிடும்.

'டிஸ்ஜாயின்ட்' கொடுக்கவே மறந்துவிட்டால்? ஸ்பெயினில், மாட்ரிட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஊப்ஸ்' என்ற ஆன்லைன் கருவி இத்தகைய விடுபடல்களைச் சுட்டிக்காட்டும்.

ஒரு எச்சரிக்கை. தென்கிழக்கில் உள்ள அக்னி லிங்கத்தை வடமேற்கு என்று டைப் செய்தால் ரீசனர் கண்டுகொள்ளாது. தகவல் தவறுதான், ஆனால் அதற்கு எதிராகப் பட்டியலில் வேறு வரி எதுவும் இல்லையே! எனவே ரீசனர் சரி என்று சொன்ன பிறகும், அடிக்கடி கிரிவலம் போகும் ஒருவரிடம் பட்டியலை ஒருமுறை காட்டிவிடுங்கள்.