மழைக்காலத்தில் நிலக்கடலையைப் பூசணமின்றிக் காத்தல்

ஆடிப்பட்டத்தில் மானாவாரியாக விதைக்கும் நிலக்கடலை, பெரும்பாலும் ஐப்பசியில் அறுவடைக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அக்காலத்திலேயே. நாலு மாதம் பாடுபட்டு விளைவித்த பொருள், வானம் மூடிய பத்து நாட்களில் பூசணம் பூத்துப் பாழாவதை நம் கிராமங்களில் காண்கிறோம். இதனை விதி என்று விட்டுவிடுவதற்கில்லை. பூசணம் எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்துகொண்டால், பெரும் செலவின்றி அதனைத் தடுக்க நம்மால் இயலும்.

பூசணமும் அதன் நஞ்சும்

பூசணம் ஒரு நுண்ணுயிர். அதன் வித்துக்கள் மண்ணிலும் காற்றிலும் பழைய சாக்கிலும் எப்போதும் இருக்கின்றன. அவற்றை அறவே ஒழித்தல் எவராலும் ஆகாது. ஆனால் ஈரம் இல்லாத இடத்தில் அவை முளைக்கமாட்டா. சேமிப்பறையில் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 70 பங்கிற்குக் குறைந்திருந்து, பருப்பில் உள்ள ஈரம் 7 அல்லது 8 பங்கிற்கு மேற்படாதிருந்தால், பூசணம் வளர்வது மிக அரிது. ஆகவே நாம் போராட வேண்டியது ஈரத்தோடுதான்.

கடலையில் பற்றும் பூசணங்களுள் 'ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ்' என்பது மிகக் கொடியது. மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் தூள்போல் படரும். இது 'அஃப்ளாடாக்சின்' என்ற நஞ்சினை உண்டாக்குகிறது. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மாண்டன. ஆராய்ந்தபோது, அவற்றிற்குத் தீனியாக இட்ட, பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இந்நஞ்சு இருந்தமை வெளியாயிற்று. 1974ஆம் ஆண்டில் நம் நாட்டிலேயே, இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் எல்லையோரக் கிராமங்களில், பருவந்தவறிய மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு, ஈரல் நோயால் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். சிறிது சிறிதாக நெடுங்காலம் உட்கொண்டால் இந்நஞ்சு ஈரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மையாகும்.

இந்நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முற்றிலும் அழிவதில்லை. எண்ணெய் ஆட்டும்போது பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்குகிறது. அப்பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலிலும் இறங்குகிறது. வெயிலில் காயவைத்துத் துடைத்துவிட்டால் பூசணம் கண்ணுக்கு மறையும்; நஞ்சு மறையாது. ஆதலால் பூசணம் வந்தபின் செய்யும் வைத்தியம் எதுவும் இல்லை. வராமற் காப்பதொன்றே வழி.

காவல் தொடங்குவது களத்தில்

பலர் கிடங்கைக் குறை கூறுகிறார்கள். உண்மையில், ஈரத்தோடு கிடங்கினுள் சென்ற கடலையே கெடுகிறது. நன்றாய்க் காய்ந்த கடலை சாதாரணக் கூரைவீட்டிலும் நெடுநாள் இருக்கும். ஈரக் கடலையைச் சிமெண்டுக் கிடங்கும் காப்பாற்றாது. சேமிப்பின் நன்மை தீமை களத்திலேயே முடிவாகிவிடுகிறது என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

பிடுங்கியவுடன் கடலையில் நூற்றுக்கு 40 பங்கு அளவில் ஈரம் இருக்கும். 100 கிலோ பச்சைக் காயில் 40 கிலோ நீர் என்று கொண்டால், மிஞ்சியது 60 கிலோ. ஈரம் 8 பங்காகக் குறையும்போது அதன் எடை ஏறக்குறைய 65 கிலோவாக நிற்கும். அதாவது, ஒவ்வொரு 100 கிலோவிலிருந்தும் 35 கிலோ நீரைக் களத்திலேயே போக்கியாக வேண்டும். எடை குறைகிறதே என்று அரைகுறையாய் மூட்டை பிடிப்போர், அந்த நீருக்கு ஈடாக மூட்டை முழுவதையுமே இழக்க நேரிடும்.

செடியைப் பிடுங்கியதும் பச்சையாகக் குவித்து வைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. குவியலின் நடுவே வெப்பம் ஏறி, மழையும் சேர்ந்துகொண்டால், இரண்டு மூன்று நாட்களிலேயே பூசணம் தொடங்கிவிடும். செடிகளைக் காய் மேலாகத் திருப்பி வரிசையாக வைத்தல் நன்று. மழை மிரட்டினால், தாமதமின்றிக் காய்களை ஆய்ந்து களத்திற்குக் கொண்டுவர வேண்டும். களத்தில் இரண்டு விரற்கடை உயரத்திற்கு மேற்படாமல் பரப்பி, நாளுக்கு நாலைந்து முறை துழாவிவிட வேண்டும். வெறுந்தரையில் காயவைத்தால் கீழிருந்து ஈரம் ஏறும். சிமெண்டுக் களமோ பாயோ அவசியம். பனி இறங்குமுன் மாலையில் கூட்டி மூடி, காலையில் பனி உலர்ந்தபின் மீண்டும் பரப்பவேண்டும்.

தார்ப்பாய் மழையைத் தடுக்கும். ஆனால் உள்ளே உள்ள ஈரத்தையும் வெளியேவிடாது. குளிர்நாடுகளில் குளிர்காலத்திற்கெனப் படகுகளைக் கரையேற்றித் தார்ப்பாயால் இறுக மூடிவைப்பவர்கள், மறு பருவத்தில் திறக்கும்போது உள்ளே மெத்தையிலும் மரத்திலும் பூசணம் படர்ந்திருக்கக் காண்பதுண்டு. ஒரு துளி மழையும் உள்ளே புகவில்லை. அடைபட்ட ஈரமே அந்தக் கேட்டைச் செய்தது. நம் கடலைக் குவியலுக்கும் இதுவே நியதி. தார்ப்பாயைக் கொம்புகள் நட்டுக் கூடாரம்போல் உயர்த்திக் கட்டி, இரு பக்கமும் காற்றோடவிட வேண்டும். மழை நின்றவுடன் அதனை நீக்கிவிடவேண்டும்.

காய்ந்ததை அறியும் முறை

கருவி இல்லாதோரும் இதனை எளிதில் அறியலாம். காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென ஒலிக்கவேண்டும். பருப்பைக் கையில் தேய்த்தால் தோல் உரிந்துவர வேண்டும். விரலால் அழுத்தினால் வளையாமல் பட்டென்று இரண்டாகப் பிளக்கவேண்டும். மேலும், ஒரு கூடைக் காயைத் தனியே குறித்துவைத்து, அதனையும் களத்தில் மற்றக் காயோடு ஒன்றாக உலர்த்தி, நாள்தோறும் மாலையில் நிறுத்துவரலாம். தொடர்ந்து இரண்டு வெயில் நாட்களில் எடை குறையாமல் நின்றால், காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

நெல்லுக்கும் மக்காச்சோளத்திற்கும் உப்புச் சோதனை உண்டு. உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் சிறிது தானியமும் வறுத்து ஆறிய உப்புத்தூளும் இட்டுச் சில நிமிடம் குலுக்கவேண்டும். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 பங்கிற்கு மேல் உள்ளது, இன்னும் காயவேண்டும்.

பொறுக்கி நீக்குதல்

மண்வெட்டி பட்டு உடைந்த காய், புழு துளைத்த காய், சுருங்கிய பருப்பு, நிறம் மாறிய பருப்பு ஆகியவற்றிலேயே பூசணம் முதலில் புகுகிறது. கடைசி நாட்களில் வறட்சியால் வாடிய நிலத்தின் காயும், அறுவடைக்குப் பின் மண்ணில் தப்பிக் கிடந்து பொறுக்கிய காயும் அத்தகையவையே. இவற்றை நல்ல காயோடு கலத்தல் கூடாது. ஒரு படி கெட்ட கடலை ஒரு மூட்டையைக் கெடுத்துவிடும். பூசணம் கண்டதை மாட்டுக்கோ கோழிக்கோ இடாமலும், செக்கிற்கு அனுப்பாமலும், ஆழப் புதைத்துவிட வேண்டும்.

உடைக்க எளிதாயிருக்கும் என்று காயின்மீது நீர் தெளிக்கும் வழக்கத்தை அறவே விடவேண்டும். பல நாள் வெயிலில் போக்கிய ஈரத்தை ஒரு நாழிகையில் நாமே திரும்பச் சேர்ப்பதாகும் அது.

கிடங்கில் கவனிக்க வேண்டியவை

1. கடலையைப் பருப்பாக அன்றி, காயாகவே சேமிக்கவேண்டும். தோடு இயற்கை தந்த கவசம்.

2. களத்துச் சூடு ஆறியபின்னரே மூட்டை கட்டவேண்டும். சணற்சாக்கு காற்றோட்டம் உள்ளது. பழைய சாக்காயின் உதறி, வெயிலில் இரண்டு நாள் காயவைத்துப் பயன்படுத்தவேண்டும்.

3. மூட்டைகளைத் தரையில் வையாமல், அரை அடி உயரமுள்ள மரச்சட்டத்தின்மேல், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்கவேண்டும்.

4. மழை பெய்யும் நாளில் சன்னல்களைத் திறந்து வைத்தல் தவறு, வெளிக்காற்றே ஈரமாயிருக்கும். வெயில் காயும் பகற்பொழுதில் திறந்து, மாலையில் மூடவேண்டும்.

5. பதினைந்து நாளுக்கொருமுறை நடு மூட்டையில் கைவிட்டுப் பார்க்கவேண்டும். வெதுவெதுப்போ முடைநாற்றமோ இருந்தால், உடனே பிரித்து உலர்த்தவேண்டும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

தனி விவசாயியால் சிமெண்டுக் களம் அமைக்க இயலாது. ஊர்ப் பொதுக் களம் இருக்குமிடத்தில் அதனை அறுவடைக்கு முன்பே செப்பனிட்டு, வெடிப்புகளைப் பூசி, மழைநீர் தேங்காமல் வடிகால் அமைத்தல் பஞ்சாயத்தின் கடமையாகும். வண்டிகளும் மணற்குவியலும் களத்தை அடைத்துக்கொண்டிருக்க இடந்தரலாகாது. யாருக்கு எந்த நாள் என்று முறை வகுத்து எழுதி ஒட்டினால், வலியவர்கள் முந்திக்கொள்வதும் எளியவர்கள் மழையில் நிற்பதும் நீங்கும்.

நாலைந்து பெரிய தார்ப்பாய்களும் ஓர் ஈரப்பத மானியும் ஊர்ப் பொதுவில் இருந்தால், அனைவருக்கும் பயன்படும். வானிலை அறிக்கையை ஒலிபெருக்கியில் அறிவித்தல் செலவில்லாத உதவி. அருகில் உள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் உலர்களமும் கிடங்கும் இருந்தால், அங்கே மூட்டைகளை வைப்பதற்கு வேண்டியதை அறுவடைக்கு முன்பே பேசி வைக்கலாம்.

நம் கடலை சந்தையோடு நின்றுவிடுவதில்லை. பள்ளிக் குழந்தையின் கையில் கடலை மிட்டாயாகவும், வீட்டில் துவையலாகவும், தொழுவத்தில் பிண்ணாக்காகவும் சென்று சேர்கிறது. மேற்கொண்டு பதப்படுத்துவதற்கான கடலையில் அஃப்ளாடாக்சின் ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி கூறுகிறது. ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கினால், அதில் ஒரு பங்கே மைக்ரோகிராம். கண்ணால் காண இயலாத அவ்வளவு சிறிய அளவை நாவாலும் அறிய இயலாது. விளைவிப்பவன் களத்தில் கொள்ளும் கவனமே உண்பவனுக்குக் காவல். வருகின்ற அறுவடைக்கு முன்னரே கிராமசபையில் இதனை எடுத்துப் பேசி, களத்தையும் தார்ப்பாயையும் ஆயத்தமாக வைப்போமாக.