ரேடியோ ஆஃப்... ஆனா டெஸ்டர் எரியுது!

தாத்தாவோட பழைய வால்வு ரேடியோவில் பவர் சுவிட்ச் போயிடுச்சு. வால்யூம் கன்ட்ரோலுக்குப் பின்னாலேயே ஒட்டியிருக்கும் சுவிட்ச் அது. "ரெண்டு ஒயர்தானே"ன்னு எது எங்கே போகுதுன்னு குறிச்சு வைக்காமலே வெட்டி, தனியா ஒரு சுவிட்ச் வைத்து சால்டர் பண்ணினேன். ரேடியோ பாடியது. ஆஃப் செய்துவிட்டு, சும்மா டெஸ்டரை சேஸிஸில் வைத்தேன். எரிந்தது!

ஏன்? இது டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி செட். மெயின்ஸின் ஒரு முனை சேஸிஸுக்கே போகும். வால்வு ஹீட்டர்கள் எல்லாம், சீரியல் செட் பல்புகள் மாதிரி, ஒரு டிராப்பர் ரெசிஸ்டரோடு தொடராக இருக்கும். 'யு' வரிசை வால்வுகளில் ஹீட்டர் கரண்ட் 100 மில்லி ஆம்பியர். அதாவது 230 ÷ 0.1 = 2300 ஓம்.

நான் சுவிட்சைப் போட்டது சேஸிஸுக்குப் போகும் நியூட்ரல் ஒயரில். ஆஃப் செய்தால் நியூட்ரல் மட்டும் துண்டாகும். ஃபேஸ் ஹீட்டர்கள் வழியாக சேஸிஸில் வந்து நிற்கும். தொட்டால் மீதி சர்க்யூட் நம்ம உடம்புதான். உடம்பை 1000 ஓம் என்று வைத்தால், 230 ÷ 3300, சுமார் 70 மில்லி ஆம்பியர். வீட்டு ஆர்சிசிபி 30-க்கே ட்ரிப் ஆகணும். ஹீட்டர் ஆறியிருந்தால் ரெசிஸ்டன்ஸ் குறையும், கரண்ட் இன்னும் கூடும்.

சரியான முறை இதுதான்:

1. பிளக்கைக் கழற்றுங்கள். ஃபில்டர் கெப்பாசிட்டரை 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் 0 பார்த்த பிறகே கை வையுங்கள்.

2. ஃபேஸ் முதலில் ஃபியூஸ், பிறகு சுவிட்ச், அதன் பிறகே ஹீட்டர், ரெக்டிஃபையர். நியூட்ரல் நேராக சேஸிஸ் பக்கம். இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச் கிடைத்தால் இன்னும் நல்லது.

3. டூ பின் பிளக் வேண்டாம். திருப்பிச் செருகினால் சேஸிஸே ஃபேஸ் ஆகிவிடும். த்ரீ பின் போடுங்கள். ஆனால் இந்த வகை செட்டில் எர்த் ஒயரை சேஸிஸில் இணைக்கவே கூடாது. சாக்கெட்டில் ஃபேஸ் வலது துளையில்தான் வருதா என்றும் பாருங்கள்.

4. முதல் முறை 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் வைத்து ஆன் செய்யுங்கள். பிறகு ஆன், ஆஃப் ரெண்டு நிலையிலும் சேஸிஸில் டெஸ்டர் வையுங்கள்.

மாற்றி ஒயர் பண்ணின பிறகு டெஸ்டர் எரியல. பாட்டி தினமும் காலையில் அந்த ரேடியோவை ஈரத்துணியால் துடைப்பாங்க; குமிழ் ஸ்க்ரூ, பின்பக்க ஸ்க்ரூ எல்லாத்தையும். "ஆஃப்லதானேடா இருக்கு"ன்னு சொல்வாங்க. அன்னைக்கு நான் டெஸ்டர் வைக்காம விட்டிருந்தா?